மாவு ரெடி

மாவு மில்லுக்கு வாட்ஸப் வந்ததிலிருந்து அதன் முதலாளி ஹாலேஷப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தாவணகெரே முழுக்க அதே பேச்சு.

முன்பெல்லாம் காலையில் மில் வாசல் டப்பாவும் பெண்களுமாக ஜே ஜே என்றிருக்கும். யார் முந்தி, யார் பிந்தி என்று தினமும் ரகளை. இப்போது டப்பாவை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். அரைத்ததும் வீட்டுப் போனுக்கு 'மாவு ரெடி' என்று செய்தி போய்விடும். வாசலில் மிச்சமான இடத்தில் மிளகாய் அரைக்க இன்னொரு மெஷினே போட்டுவிட்டார் மனுஷன்.

ஒரு நாள் சௌபாக்யா சோள டப்பாவை வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள். கொட்ரம்மாவின் மருமகள்.

"அண்ணா, எங்க வீட்டுக்கு மட்டும் மெசேஜை ஒரு மணி நேரம் கழிச்சு அனுப்புங்களேன்."

ஹாலேஷப்பா மெஷினை நிறுத்தினார். ஏனம்மா என்று கேட்டார்.

எதிர் பேக்கரியில் அவள் அக்கா வேலை பார்க்கிறாளாம். மாவு அரைக்கிற சாக்கில் இவள் வாரம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவாளாம். மற்றபடி பிறந்த வீட்டு மனிதர் முகத்தைப் பார்க்க யுகாதி வரவேண்டும். இப்போதோ இருபதே நிமிஷத்தில் மாமியார் போனுக்குச் செய்தி போய்விடுகிறது. உடனே எங்கே இருக்கே என்று வீட்டிலிருந்து அழைப்பு.

"நேரத்துக்கு அனுப்பறதாலதாம்மா எனக்குப் பேரு. உங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னையே மெஷின்ல போட்டு அரைச்சிடுவாங்க" என்றார் ஹாலேஷப்பா.

சும்மா சொல்லவில்லை. ஒரு கல்யாணத்தில் சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரனையே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தவர் கொட்ரம்மா. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தெருவின் இருபது வீட்டு டப்பாவும் வேறு மில்லுக்குப் போய்விடும்.

ஆனாலும் அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டார்.

இரண்டு மாசம் நல்லபடியாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலையில் கொட்ரம்மாவே மில்லுக்கு வந்து நின்றார். ஹாலேஷப்பா அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் இருபது நிமிஷத்துல ரெடியாகுற மாவு, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் லேட்டாகுது?"

சோளத்தில் ஈரம் என்றார். கரண்ட் சரியில்லை என்றார். கடைசியில் டவர் மேல் பழியைப் போட்டார். கொட்ரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உனக்குப் பொய் சொல்ல வரலை. போன மாசம் பன் வாங்க எதிர்ல வந்தேன். அக்காளும் தங்கச்சியும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்ததைப் பாத்தேன்."

இருபது டப்பாவும் போச்சு என்று ஹாலேஷப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

கொட்ரம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அங்க எங்க வீட்டுக்காரர் மருமக வெளிய கிளம்பினதுமே கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவாரு. இன்னும் மாவு ரெடியாகலைன்னு என் போனைக் காட்டித்தான் அவரை அடக்கி வெச்சிருக்கேன். நீ என்னடான்னா நேத்து நாப்பதே நிமிஷத்துல அனுப்பிட்டே. பாவம், பாதிப் பேச்சுல எழுந்து ஓடி வந்திருக்கா. ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம். தொழில்ல ஒரு ஒழுங்கு வேணாமா?"