சேனை விரல்

சர்க்கரைத் தண்ணீரில் விரலை முக்கிக்கொண்டு என் பேரனிடம் குனிந்தாள் மதினி, என் கணவரின் அக்கா. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சேனை வைப்பவரின் குணம்தான் அதற்கு வரும் என்பார்கள்.

"ஒனக்கும் நாந்தான் வச்சேன், பொன்மதி. அதான் என்னைய மாதிரியே தைரியம்," என்றாள் கட்டிலில் கிடந்த என் மகளிடம்.

என் மகளுக்காகவே இருபத்தாறு வருடமாக எழுதிவந்த நோட்டுகளில் முதலாவதைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"மொதப் பக்கத்தச் சத்தமா வாசி."

அவள் வாசித்தாள். 'இன்று நீ பிறந்தாய். மூன்றாவதும் பெண் என்று கேட்டதும் உன் அத்தை உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாள். வார்டு கூட்ட வந்த பேச்சியக்காதான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவி வந்து உனக்குச் சேனை வைத்தாள்.'

பொன்மதி பிள்ளையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நீட்டிய விரல் அந்தரத்திலேயே நின்றது. அதன் நுனியில் ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று தொங்கியது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க மதினி. இன்னும் நாலு நோட்டு கெடக்கு."