இவருக்குப் பதில் இவர்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஆளையே மாற்றி நிறுத்தினாலும் உறைப்பதில்லை என்பது மாசிலாமணியின் எரிச்சல். மருமகள் கற்பகம் பார்க்கும் சீரியலை ஏசிக்கொண்டேதான் அவர் உட்காருவார். ஆனால் அதில் சமையற்காரியாக வருகிறவள், எரியாத அடுப்பிலிருந்து வெறும் பாத்திரத்தை இறக்கும்போதும் முந்தானையைச் சுற்றிப் பிடிப்பாள். இறக்கியதும் விரலைக் காதுமடலில் வைத்துக்கொள்வாள். அதைக் கண்டதிலிருந்து கதாநாயகியின் அழுகையை விட்டுவிட்டு அவளையே கவனித்தார். பிறகு ஏதோவொரு படத்தில் அவளே நர்ஸாக வந்து, நோயாளியைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். "இவ ஏமாத்தமாட்டா," என்றார்.

இன்று சீரியல் தொடங்கும்போது திரையில் அவள் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வேறொரு முகம் வந்தது.

"இனிமே அவங்களுக்குப் பதிலா இவங்களாம், மாமா," என்று கற்பகம் வாசித்தாள்.

புதியவள் அதே சேலையில் வந்து, கொதிக்கிற குழம்புச் சட்டியை வெறுங்கையால் தூக்கினாள்.

"கை வேகலையா அவளுக்கு?"

"நாலு நாள்ல பழகிடும், மாமா."

"உனக்குப் பழகும். அவ எங்க போனான்னு ஒருத்தனாவது கேட்டானா? அந்த டிவிக்காரன் ஆபீஸ் எங்க இருக்கு?"

"வடபழனியில. போனா உங்கள உள்ள விடுவானா?"

"விடலேன்னா வாசல்ல நின்னு கேக்கறேன்."

செருப்பை மாட்டினார். டிவியில் புதியவள் யாரையோ சாப்பிட வரச்சொல்லி அன்பாகத்தான் கூப்பிட்டாள். மாசிலாமணி திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.