வேறு வாரிசு உண்டா

வாரநாட்களில் பள்ளி பஸ் ஓட்டும் ரோலன், சனிக்கிழமைகளில் எண்ணெய்க் கம்பெனி குத்தகைக்கு எடுக்கும் நிலங்களின் வாரிசுகளைத் தேடித்தரும் பகுதிநேர வேலையைக் கெஞ்சி வாங்கியிருந்தான். அதிலும் இந்த ஒரு வீட்டின் ஃபைலைத்தான் கேட்டு எடுத்தான். அந்த உறுத்தலோடு கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்த வெர்னா, நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே அழைத்து, பீச் பழக் கேக் வெட்டி வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரரோட வாரிசுங்க யார் யாருன்னு இந்த உறுதிமொழிப் பத்திரத்துல எழுதணும், மேடம்."

"ஹோலிஸ் போய் ரெண்டு வருஷமாச்சு. எனக்குப் பிள்ளைங்க இல்ல, தம்பி."

அடுத்த கேள்வி பத்திரத்தில் அச்சிலேயே இருந்தது: 'வேறு வாரிசு உண்டா?' அதைக் கேட்கத்தான் டெக்ஸஸின் அந்தக் கோடியிலிருந்து இந்த ஊருக்கே குடிவந்திருந்தான். இப்போது கேக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெல்லக் கேட்டான்.

"அவருக்கு... வெளியில யாராவது?"

வெர்னா குனிந்துகொண்டாள். கேக் கொடுத்த கிழவியிடம் கேட்கிற கேள்வியா இது? ரோலன் கூசிப்போய், 'யாரும் இல்லை' என்று தானே எழுதிப் பேனாவை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"சத்தியப் பத்திரத்துல பொய் எழுதாத. அந்தப் பொய்யை நானே முப்பது வருஷமா சொல்லியாச்சு. மகனை ஒரு தடவை பாக்கணும்னு சாகுற வரைக்கும் கேட்டாரு. நான்தான் விடல."

பத்திரத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"வாசல்ல இளவயசு ஹோலிஸே வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த 'யாரும் இல்லை'யை அடிச்சிட்டு உன் பேரை எழுது."