வா... வா... இடம் இருக்கு!

"வா... வா... இடம் இருக்கு... இன்னும் வா!"

லாரிக்குப் பின்னால் நின்ற டிரைவிங் பள்ளி வாத்தியார் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

டமார்!

காலி டிரம் ஒன்று நசுங்கி மைதானத்தில் உருண்டு ஓடியது.

ஓரமாக நின்றிருந்த தலைவருக்கு ரத்தம் தலைக்கேறியது. தலைவர் என்றால் இப்போது எந்தப் பதவியும் கிடையாது. லாரித் தொழிலாளர் சங்கத்தை ஒரு காலத்தில் கட்டிக் காத்தவர். சங்கம் மூன்றாக உடைந்தது. பட்டப்பெயர் மட்டும் உடையாமல் ஒட்டிக்கொண்டது.

"யோவ், நீயெல்லாம் ஒரு வாத்தியாரா? வா வான்னு கூப்பிட்டே இடிக்க விடுறியே!"

வாத்தியாருக்கு அந்த வட்டாரத்தில் 'சிடுமூஞ்சி' என்று பெயர். முகத்தைப் பார்த்தவர்கள் காரணம் கேட்பதில்லை. அவர் தலைவரைக் கண்டுகொள்ளாமல் ஓட்டுநர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, பின்னாடி டிரம் இருந்தது தெரியுமா?"

"தெரியாது சார். கண்ணாடியில தெரியல," என்றாள் தலைவரின் மகள்.

"தெரியலன்னா ஏன் வந்த?"

"நீங்கதானே வான்னீங்க?"

"நான் சொன்னா?"

மகள் விழித்தாள். தலைவர் அவளைவிட அதிகமாக விழித்தார்.

"நாப்பது வகுப்பு வேணும்," என்றார் சிடுமூஞ்சி.

"நாப்பதா? இது பகல் கொள்ளைய்யா!"

தலைவருக்குக் குழப்பமாக இருந்தது. காலையில்தான் இன்னொரு பள்ளியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த வாத்தியார் பழைய சங்கத்து ஆள். "தலைவரே, வாங்க வாங்க!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இதே மகள்தான், இதே ரிவர்ஸ்தான். அவர் பின்னால் நின்று "ஒடிச்சு வா... நேர் பண்ணு... போதும்!" என்று சொல்லச் சொல்ல, லாரி கோட்டுக்குள் நூல் பிடித்தாற்போல நின்றது. "தலைவர் ரத்தம் ஆச்சே! பத்து வகுப்பு போதும்" என்று சிரித்தார்.

ஒருத்தன் பத்து என்கிறான், ஒருத்தன் நாற்பது என்கிறான். யாரை நம்புவது? முதலாளி வாயைத் திறக்கும் முன்பே பொய்யைக் கண்டுபிடித்தவர் தலைவர். இந்த இரண்டு வாத்தியார்களுக்கு நடுவில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை.

பிடிபட்டே ஆக வேண்டும். போன மாதம் லைசென்ஸ் டெஸ்ட்டில் மகள் ரிவர்ஸில்தான் கோட்டை விட்டாள். கிடங்கில் லாரி ஓட்டும் வேலையை அவளுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை தவறினால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

"காலையில ஒருத்தர் பத்து போதும்னாரு. இவ அழகா ரிவர்ஸ் எடுத்தா, என் கண்ணால பார்த்தேன்."

"எடுத்தது அந்த வாத்தியாரு. இந்தப் பொண்ணு ஸ்டீயரிங்கைத் திருப்புச்சு, அவ்வளவுதான். டெஸ்ட்ல பின்னாடி நின்னு வா வான்னு யாரு சொல்லுவா? உங்க சங்கமா?"

"அப்பா, இவர் சொல்றதுலயும்..." என்று மகள் தலையை வெளியே நீட்டினாள்.

"நீ சும்மா இரு. நான் பேசிட்டிருக்கேன்ல?"

"சரிப்பா." தலை உள்ளே போய்விட்டது.

சிடுமூஞ்சி அந்தத் தலையையும் பார்த்தார், தலைவரையும் பார்த்தார்.

"கிளட்ச், கியர் எல்லாம் சுத்தமா வருது. ஆனா எவன் குரல் கொடுத்தாலும் அப்படியே போயிடுது. அந்தப் பழக்கம் போகத்தான் நாப்பது. எங்க பழகுச்சோ!"

"என் பொண்ணையா சொல்றே? ஊருக்கே யோசிக்கக் கத்துக் கொடுத்தவன்யா நான்!"

அது பொய் இல்லை. 'எவன் சொன்னாலும் யோசி!' என்ற அவருடைய துண்டறிக்கை தொழிற்சாலை வாசல்களில் கைக்குக் கை பறந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கும் அவருடைய ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் அந்த வரி சிவப்பு எழுத்தில் இருக்கிறது.

"நீ நகருய்யா, நான் குரல் கொடுக்கிறேன்," என்று வேட்டியை மடித்துக் கட்டினார் தலைவர். "பெத்த அப்பன் சொல்லி எப்படித் தப்பாப் போகுதுன்னு பார்த்திடலாம். மறுபடியும் எடும்மா!"

லாரி முன்னே போய், வளைந்து, பின்னால் வரத் தொடங்கியது.

"வா... வா... இடம் இருக்கு..."

மகளின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபடியே கையை ஆட்டினார்.

"நான் இருக்கேன்ல, தைரியமா வா!"

லாரி நின்றது. இன்ஜினும் அணைந்தது. கதவைத் திறந்து மகள் இறங்கினாள்.

தலைவர் முகம் சுருங்கிப்போனது. "ஏன் நிறுத்தின? அப்பா சொல்லிக்கூட நம்பிக்கை இல்லையா?"

"அந்தப் பக்கம் கண்ணாடியில சரியாத் தெரியலப்பா. அதான்."

அவள் லாரியைச் சுற்றிக்கொண்டு மறுபக்க மூலைக்குப் போனாள். தலைவரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

லாரியின் மூலைக்கும் அவருடைய ஸ்கூட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. சிவப்பு எழுத்து அவரையே பார்த்தது.

மகள் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

"பத்து வகுப்பு போதும்," என்றார் பின்னால் வந்த சிடுமூஞ்சி.

தலைவர் தடுமாறினார். "நீதானேய்யா நாப்பதுன்னே?"

"நாப்பதுதான். மீதி முப்பது உங்களுக்கு."