உள்ளே இருப்பவர் சொல்வது

அழைப்பு மணி அடித்தபோது அம்மா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள், ஒரு ஜப்பானியச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு.

ஒகாயெரி. வந்துட்டியா என்று அர்த்தம். தன் வீட்டுக்குத் திரும்பி வந்தவரிடம் வீட்டில் இருப்பவர் சொல்வது.

அதை அவள் முதலில் கேட்டது கைப்பேசியில். மகளுக்கு ஜப்பானில் வேலை. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்ட வேண்டும். திரும்பும் வழியில் அம்மாவோடு பேசிக்கொண்டே நடப்பாள். அறைக்கு வந்து சேர்ந்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "ததாய்மா", வந்துட்டேன் என்பாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா குழைந்துகொண்டு ஒகாயெரி என்பாள்.

அம்மாவுக்கு வயிறு பற்றி எரியும்.

பெற்றவள் இங்கே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். மாடி அறையை வாடகைக்கு விட்டவளுக்கு வந்த வாழ்வைப் பார். இந்த வீட்டில் இருந்தவரை மகள் ஒரு நாளாவது வந்துட்டேன் என்று சொன்னதுண்டா? பையை வீசிவிட்டுப் பசிக்குது என்பாள், அவ்வளவுதான்.

பொறாமை என்று வெளியே சொன்னால் கேவலம். ஆனால் பொறாமைதான்.

விடுவாளா அம்மா? வீடியோ பார்த்து, தையல் மெஷினை மிதித்தபடியே ஜப்பானிய மொழி படித்தாள். வீட்டுச் சொற்கள் எல்லாம் நாக்கில் ஏறின. அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்கும்போது சொல்லும் ஒஜமாஷிமாஸ்கூட. தொந்தரவு கொடுக்கிறேன் என்று அர்த்தமாம். தெரிந்தே எதற்குத் தொந்தரவு கொடுக்க வேண்டும் என்று தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

இன்று மகள் விடுமுறையில் வருகிறாள். அம்மா கதவைத் திறந்தாள்.

மகள் இளைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

அம்மா பொறுத்தாள். வருபவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மகள் காலணிகளைக் கழற்றினாள். குனிந்து, அவற்றின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். படியைத் தாண்டும்போது வேலைப் பழக்கத்தில் தலை லேசாகத் தாழ்ந்தது. வாய் தானாக முணுமுணுத்தது.

"ஒஜமாஷிமாஸ்."

சொன்னது மகளுக்கே தெரியவில்லை. அம்மாவுக்குப் புரியும் என்பதும் தெரியாது.

வாயில் வைத்திருந்ததை அம்மா விழுங்கினாள். நாற்காலியில் கிடந்த துணிகளை அவசரமாக அள்ளினாள்.

"உக்காரும்மா. தண்ணி கொண்டு வரேன்" என்றாள்.