ஆளுக்கு ஒரு கால்

சபையார் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், தண்ணீர்ப் பஞ்சத்தை முன்னிட்டு, கர்த்தர் தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் இவ்வருடப் பெரிய வியாழன் ஆராதனையில் மகா கனம் பொருந்திய பேராயர் அவர்கள், சீஷர்களாக அமரும் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு காலை மட்டுமே கழுவுவார்கள். அந்தக் கால் வலது காலாக இருக்கும்.

இந்தத் தீர்மானத்தை எட்ட எங்கள் திருவொற்றியூர் சபைக் கமிட்டிக்கு மூன்று கூட்டங்கள் பிடித்தன. இடதா வலதா என்ற தகராறில் ஒருவர் ராஜினாமா வரை போய்விட்டுத் திரும்பினார்.

இடது என்று முடிவாகியிருந்தால் ஞானசிகாமணிக்கு ஒரு தொல்லையும் இல்லை.

துறைமுகத்துக்கும் எண்ணூர் யார்டுக்கும் நடுவே கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர் அவர். சர்க்கரை வியாதி. தீபாவளி வாக்கில் வலது பாதம் மரத்துப்போனது. ஒரு நாள் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தேரடியிலிருந்து வீடு வரை நடந்து வந்துவிட்டார். இன்னொரு செருப்பு எங்கே என்று மனைவி பிலோமி கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தார்.

பிரேக் மிதிக்கிற கால் அது. வண்டி நின்றால் மிதித்திருக்கிறோம் என்று அர்த்தம். அன்றிலிருந்து அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் டிரைவர்களுக்குக் கம்பெனியில் மெடிக்கல் டெஸ்ட். கால் விஷயம் தெரிந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பன்னிரண்டு பேரில் ஒரு தொழிலாளியாவது இருக்க வேண்டும் என்பது பேராயரின் விருப்பம். மற்ற பதினொரு பேரும் கான்டிராக்டர், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், வட்டாட்சியரின் மச்சான் என்று, கர்த்தருக்கு வாய்த்ததைவிடத் தரமான சீஷர்கள். பதினோராவது நாற்காலி கம்பெனி டாக்டர் தியோடருக்கு. அவர் பக்கத்தில், கடைசி நாற்காலி, ஞானசிகாமணிக்கு.

முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்கிறவர்களில் டாக்டரும் இருப்பார்.

சபைச் செக்ரட்டரிக்கு வேறு கவலை. “பிரதர், கால மட்டும் வூட்லயே நல்லா கழுவிக்கினு வந்துடுங்க. பிஷப்பு மூஞ்ச சுளிச்சிடக் கூடாது.”

பிலோமி சொன்னதுதான் உருப்படியான யோசனை. “உனுக்கு முன்னாடி பதினோரு பேரு கீறாங்க இல்ல? அவுங்க இன்னா பண்றாங்களோ பாத்துக்கினு அதையே பண்ணு. ஜாஸ்தி நடிக்காத. நீ நடிச்சா எனுக்கே சிரிப்பு வரும்.”

வியாழன் மாலை பேராயர் அங்கியைக் கழற்றினார். இடுப்பில் துண்டைக் கட்டினார். காலர் மைக் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு முழந்தாளிட்டார்.

மண்பானைத் தண்ணீரை ஜாடியில் மொண்டு, தாம்பாளத்தில் வைத்த வலது காலில் ஊற்றினார். ஏப்ரல் வெக்கைக்குக் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் ஒவ்வொருவரும் கட்டைவிரலை மடக்கினார்கள், ‘ஸ்’ என்று மூச்சை இழுத்தார்கள், பரலோகம் தெரிந்ததுபோல் புன்னகைத்தார்கள். ஞானசிகாமணி மனப்பாடம் செய்துகொண்டார். செய்ய முடியாத காரியம் இல்லை.

பதினோராவது காலோடு பானை காலி. காலை எண்ணத் தெரிந்த கமிட்டிக்குப் பேராயரின் தாராளத்தை அளக்கத் தெரியவில்லை.

செக்ரட்டரி ஜாடியைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்திலிருந்த வெஸ்ட்ரி அறைக்குள் ஓடினார். உள்ளே குழாயில் காற்றுதான் வந்தது. மேஜையில் பேராயரின் பெரிய பிளாஸ்க் இருந்தது. பேராயர் வெந்நீரைத் தவிர வேறெதுவும் குடிக்க மாட்டார். கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்திருந்தார்கள். தண்ணீர் கிடைத்த நிம்மதியில் அது என்ன தண்ணீர் என்பது செக்ரட்டரிக்கு உறைக்கவில்லை. ஜாடியில் கவிழ்த்துக் கொண்டுவந்து பேராயர் கையில் கொடுத்தார்.

ஞானசிகாமணி அதை எதையும் பார்க்கவில்லை. பீடத்தின் மேலிருந்த சிலுவையைப் பார்த்தபடி விரல், மூச்சு, புன்னகை என்று வரிசையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

தாம்பாளத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

விரலை மடக்கினார். ‘ஸ்’ என்றார். புன்னகைத்தார்.

“ஐயையோ” என்று நான்கு ஸ்பீக்கரிலும் ஒரு குரல் கேட்டது. பேராயருடையது.

ஜாடி உருண்டது. ஆவி பறந்தது. பேராயர் கையை உதறிக்கொண்டிருந்தார். எதிரே ஞானசிகாமணியின் பாதம் வெந்து சிவந்திருந்தது. அவர் புன்னகைத்துக்கொண்டே இருந்தார். அதிகம் நடிக்காதே என்று பிலோமி சொல்லியிருந்தாள். எப்போது நிறுத்துவது என்று சொல்லியிருக்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து யாரோ “ஸ்தோத்திரம்” என்றார்கள். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

பேராயர் பெரிய படிப்பு படித்தவர். விரல்களை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்து, “சபையாரே, அக்கினியும் பட்சிக்காத விசுவாசத்தை இன்றைக்கு நம் கண்களால் கண்டோம்” என்றார். பாடகர் குழு துதிப் பாட்டொன்றை ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பிலோமி எழவில்லை.

டாக்டர் தியோடர் நாற்காலியிலிருந்து இறங்கி முழந்தாளிட்டார். அன்று மைக் இல்லாமல் முழந்தாளிட்டவர் அவர் ஒருவர்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“கண்ண மூடிக்குங்க, ஞானசிகாமணி. உங்க காலத் தொடறேன். தெரியுதா?”

ஞானசிகாமணி கண்ணை மூடினார். இதற்கு விரலை மடக்க வேண்டுமா, மூச்சை இழுக்க வேண்டுமா என்று தெரியவில்லை. முன்னால் செய்துகாட்ட யாரும் இல்லை.

“தெரியுது சார்,” என்றார். “நல்லாவே தெரியுது.”

டாக்டர் இன்னும் காலைத் தொடவில்லை.