கீச்சிட்ட மைக்

பட்டமளிப்பு விழா மேடையில் குத்துவிளக்கும் மைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கீச்சிட்டதில்லை என்பதில் மைக்குக்கு ரொம்பப் பெருமை.

சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசி முடித்தார். நன்றியுரை சொல்லக் கோமதி என்ற மாணவி வந்ததும், வழக்கம்போல எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் நகரும் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போனது.

விளக்கு அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தது.

“கடைசியா பென்சில்ல ஒரு பேர் எழுதி வெச்சிருக்கா, தம்பி. செண்பகமாம். பாதியிலே படிப்பை விட்டுட்டுப் போன பொண்ணுன்னும் எழுதியிருக்கு. அதோ, ஜவுளிக்கடை யூனிஃபார்மோட வாசல்ல நிக்கிறாளே, அவதான் போல. கோமதி அவளையேதான் பாக்குறா.”

மைக் தன் பன்னிரண்டு வருஷப் பெருமையை ஒரு தடவை நினைத்துப் பார்த்தது. பிறகு, மண்டபமே காதைப் பொத்திக்கொள்ளும்படி கீச்சென்று கத்தியது.

எல்லோரும் நின்று திரும்பினார்கள்.

“எங்க செண்பகத்துக்கு நன்றி,” என்றாள் கோமதி. “அவ எழுதின நோட்டு இல்லேன்னா எங்கள்ல பாதிப் பேர் இன்னிக்கு கவுன் போட்டிருக்க மாட்டோம்.”

வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த கறுப்பு கவுன்கள் எல்லாம் செண்பகத்தைச் சூழ்ந்துகொண்டன.

விழா முடிந்ததும் மைக்செட்காரர், “இது இனிமே தேறாது,” என்று சொல்லி மைக்கைக் கழற்றினார்.

“இத்தனை வருஷ நல்ல பேரை இப்படிக் கெடுத்துக்கிட்டியே!” என்று விளக்கு அங்கலாய்த்தது.

“என் வழியா எத்தனையோ பேர் பேசினாங்க அக்கா,” என்றது மைக். “நான் பேசினது இன்னிக்குத்தான்.”